பெயரும் எண்ணும்

ஒரு நோயை எண்ணுதற்கு முன் அதற்குத் திட்டமான பெயர் வேண்டும். 1827-இல் இலண்டன் கய் மருத்துவமனை மருத்துவர் ரிச்சர்டு பிரைட், உடல் வீக்கம், சிறுநீரில் ஆல்புமின், பழுதுற்ற சிறுநீரகம் ஆகியவற்றின் தொடர்பை நிறுவினார். ‘பிரைட் நோய்’ என்னும் பெயர் நிலைத்தது. ஆயினும் அதனுள் பல நோய்கள் மறைந்திருந்தன. பல நோய்க்கு ஒரு பெயரும் ஒரு நோய்க்குப் பல பெயரும் வழங்குவதை 1839-இல் வில்லியம் ஃபார் குறைகூறினார். 1893-இல் பெர்ட்டியோன் வகுத்த இறப்புக் காரணப் பட்டியல் பின்னர் உலகப் பொதுவாயிற்று. 2002-இல் அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளை, குருதியை வடிக்கும் திறன் கொண்டு நாட்பட்ட சிறுநீரக நோயை ஐந்து நிலைகளாகப் பகுத்தது. அப்பட்டியலின் பத்தாம் திருத்தத்தில் இந்நோயின் குறி ‘என்-18’. புள்ளிக்குப்பின் 1 முதல் 5 வரை நிலையைக் காட்டும். 9 எனில் நிலை எழுதப்படவில்லை என்பதாம். மருத்துவர் நிலையை எழுதாவிடின், காக்கத்தக்க தொடக்க நோயாளி கணக்கில் தென்படார். பழைய மயக்கமே மீளும்.