அச்சம் அழிகிறதா, அடங்குகிறதா? பதற்ற நோய்ச் சிகிச்சையில் ஒரு கேள்வியின் நூற்றாண்டு

முன்னுரை

பதற்ற நோய்களுக்கான உளவியல் சிகிச்சைகளுள் வலுவான ஆய்வுச் சான்றுகளைக் கொண்டது, அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறை. நாயைக் கண்டு நடுங்குபவர் நாயின் அருகே செல்லப் பழகுகிறார். கூட்டத்துக்கு அஞ்சுபவர் நெரிசலான பேருந்து நிலையத்தில் நின்று பார்க்கிறார். முறை எளியது. அது ஏன் பலிக்கிறது என்பதற்கான விளக்கமோ நூறாண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. குணமானவர் மனத்தில் பழைய அச்சம் அழிந்துவிடுகிறதா, புதிய கற்றலின் கீழ் அடங்கிக் கிடக்கிறதா? அடங்கியே கிடக்கிறது என்பதற்கான தடயங்கள் தொடக்கத்திலேயே பதிவாகியிருந்தன; சிகிச்சை அவற்றைக் கணக்கில் எடுக்க நெடுங்காலம் ஆயிற்று என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

முதல் தடயங்கள்

ஓர் ஒலியைக் கேட்டதும் உமிழ்நீர் சுரக்கப் பழகிய நாய்க்கு, உணவு தராமல் அதே ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்பினால் சுரப்பு நின்றுவிடும். சிறிது ஓய்வுக்குப் பின் ஒலித்தால் உமிழ்நீர் மீண்டும் ஊறும். ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவ் கண்ட இந்த மீள்வரவு, கற்றது அழியவில்லை, தடுக்கப்பட்டிருந்தது என்பதற்கான முதல் சான்று.

1920இல் ஜான் வாட்சனும் ரோசாலி ரேனரும் ஆல்பர்ட் என்ற குழந்தையிடம் வெள்ளெலியைக் காட்டி, அவன் அதைத் தொடும்போதெல்லாம் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து அதிரச் செய்ததை வெளியிட்டனர். எலியிடம் பிறந்த அச்சம் முயல், நாய், மென்மயிர் மேலங்கி எனப் பரவியது. அச்சத்தை ஊட்டிய அவர்கள் அதை அகற்றவே இல்லை. அறநெறியின் பார்வையில் இது உளவியலின் தீராத களங்கம்.

அகற்றும் பணியை மேரி கவர் ஜோன்ஸ் மேற்கொண்டார். அவர் 1924இல் எழுதிய ஆய்வின் நாயகன், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன். வயது 2 ஆண்டு 10 மாதம். அஞ்சாத பிள்ளைகளுடன் விளையாடவிட்டதில் அவன் நன்கு தேறிவந்தான். இடையில் செங்காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அங்கிருந்து புறப்படும் வேளையில் பெரிய நாயொன்று பாய்ந்து மிரட்ட, அடங்கியிருந்த அச்சம் பழைய அளவுக்கே திரும்பியது. ஜோன்ஸ் மீண்டும் தொடங்கினார். பீட்டர் பிடித்த உணவைச் சாப்பிடும்போது, கூண்டிலிருந்த முயல் மெல்ல மெல்ல அருகே கொண்டுவரப்பட்டது. இறுதியில், அது தன் விரல்களைக் கொறிக்கவும் அவன் விட்டான். அதே ஆண்டில் வெளிவந்த மற்றொரு கட்டுரையில் குழந்தைகளின் அச்சம் போக்கும் பல வழிகளை அவர் ஒப்பிட்டார். எடுத்துச் சொல்வதும், கேலி செய்வதும், அஞ்சும் பொருளைக் கண்ணில் படாமல் வைப்பதும் போதிய பலன் தரவில்லை.

பூனைகளிலிருந்து மனிதருக்கு

ஜோன்ஸின் பணி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதற்கு உயிரூட்டியவர் தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே. இரண்டாம் உலகப்போரில் மனம் நொந்த வீரர்களுக்கு மருந்து மயக்கத்தில் அளித்த சிகிச்சை நிலையான பலன் தராதது அவரை வேறு வழி தேடவைத்தது. கூண்டில் மின்னதிர்ச்சி பெற்ற பூனைகள் பசித்தும் அங்கே உண்ண மறுத்தன. கூண்டு இருந்த அறையைச் சற்றே ஒத்த வேறொரு அறையில் உணவிட்டு, படிப்படியாகக் கூண்டுவரை கொண்டுவந்தார்; அச்சம் தணிந்தது. மனிதரிடம் உணவின் இடத்தில் தசைத் தளர்வை வைத்தார். நோயாளி தன் அச்சங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி, உடல் தளர்ந்த நிலையில் ஒவ்வொன்றாகக் கற்பனை செய்வார். தளர்வும் அச்சமும் ஒருசேர நிலவ இயலாது என்பது 1958இல் வெளியான அவரது நூலின் அடிப்படை. தளர்வு இன்றியமையாததன்று, எதிர்கொள்வதே முதன்மையானது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின.

தவிர்த்தலும் தப்பெண்ணமும்

ஆபத்து நேராதபோதும் அச்சம் தானாகத் தேயாமல் ஆண்டுக்கணக்கில் நீடிப்பது ஏன்? 1947இல் ஓ. ஹோபர்ட் மவுரர் விடை தந்தார். அஞ்சுவதை விட்டு விலகியதும் கிடைக்கும் நிம்மதியே விலகும் பழக்கத்தை உரமிட்டு வளர்க்கிறது. விலகியவருக்கோ ஆபத்தில்லை என்று அறியும் வாய்ப்பே கிட்டுவதில்லை. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் இதே முடிச்சை வேறிடத்தில் அவிழ்த்தார். எண்ணச் சுழற்சி நோயால் ஓயாமல் கை கழுவிய நோயாளியை, அழுக்கென்று அஞ்சியதைத் தொடவைத்து, கழுவவிடாமல் செவிலியர் துணை நின்றனர். அதுவரை தீராததாகக் கருதப்பட்ட நோய்க்கு வழி பிறந்தது.

1986இல் டேவிட் கிளார்க் எண்ணத்தின் பங்கைத் துலக்கினார். திடீர்ப் பீதிக்கு ஆளாகுபவர் சாதாரணப் படபடப்பை மாரடைப்பென்று தப்பாகப் பொருள்கொள்கிறார். அந்த எண்ணம் படபடப்பைக் கூட்டுகிறது. கூடிய படபடப்பு எண்ணத்தை மெய்ப்பிப்பதாகத் தோன்றுகிறது. இச்சுழலை உடைக்க, உடலின் துடிப்பையே வேண்டுமென்று எழுப்பி, அதனால் தீங்கில்லை என்று சோதித்தறியும் பயிற்சிகள் சிகிச்சையில் இடம்பெற்றன.

திரும்பி வரும் அச்சம்

பாவ்லோவின் தடயத்தை மார்க் பூட்டன் 1979 முதல் எலிகளிடம் தொடர்ந்து ஆராய்ந்தார். ஓரிடத்தில் அஞ்சக் கற்ற எலிக்கு வேறிடத்தில் அச்சத்தைத் தணித்தபின், முதலிடத்துக்குக் கொண்டுபோனால் அச்சம் திரும்பியது. பழைய நினைவும் புதிய நினைவும் இரண்டுமே இருக்கின்றன. எது மேலெழும் என்பதைச் சூழலே பெரிதும் தீர்மானிக்கிறது.

இதைச் சிகிச்சை நெறியாக்கியவர்களுள் மிஷெல் கிராஸ்க் முதன்மையானவர். அவரும் குழுவினரும் 2014இல் எழுதிய கட்டுரை, அமர்வின்போது அச்சம் குறைகிறதா என்று பார்ப்பதைவிட, எதிர்பார்த்த கேடு நேரவில்லை என்ற வியப்பு பதிகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. ஒரே இடத்தில் பழகாமல் பல இடங்களில், பல வேளைகளில், துணைக்கு ஆளோ மாத்திரைப் பட்டையோ இல்லாமல் எதிர்கொள்ளப் பரிந்துரைக்கிறது.

முடிவுரை

மருத்துவமனை வாசலில் பீட்டரிடம் திரும்பிய அச்சத்தை, அந்த முயற்சியின் தோல்வி என்று எவரும் எழுதியிருக்கலாம். ஜோன்ஸ் அதை மறைக்காமல் பதிந்துவிட்டு மறுபடியும் தொடங்கினார். அந்த நேர்மையின் முழுப்பொருள் விளங்க எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தேறியவரிடம் அச்சம் தலைகாட்டினால் சிகிச்சை வீணாகிவிட்டதாகப் பொருளில்லை. புதிய கற்றல் இன்னும் எட்டாத ஓர் இடத்தை அது அடையாளம் காட்டுகிறது. “பயப்படாதே” என்று சொல்லிச் சலித்துப்போன குடும்பங்களும், மீண்டும் பயந்துவிட்டோமே என்று கூசி நிற்கும் நோயாளிகளும் இதை அறிந்தால், அடுத்த அடியை எடுத்துவைக்கும் துணிவு அவர்களுக்கு வரும்.