உகயாலிக் கரையின் இரவுக் கிரியை

அயவாஸ்கா என்னும் கஷாயத்தைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் அதை அருந்தியவர்களுக்குத் தோன்றும் அற்புதக் காட்சிகளைப் பற்றியே ஆவலோடு விசாரிக்கிறார்கள். ஆனால் பெரு தேசத்தில் உகயாலி நதிக்கரையில் வாழும் ஷிபிபோ மக்களிடையே அதை அருந்தும் இரவுக் கிரியை நடந்துவந்த முறையைக் கவனித்தால், அதன் ஜீவன் வைத்தியருடைய பாட்டிலே இருந்ததென்பது விளங்கும். முற்காலத்தில் அநேக இடங்களில் கஷாயத்தைக் குடித்தவர் வைத்தியர் ஒருவரே. நோயாளி ஒன்றும் குடியாமல் அவர் அருகே படுத்திருப்பான்; வியாதி எங்கிருந்து வந்தது, எதனால் நீங்கும் என்று காணும் பொறுப்பு வைத்தியருக்கே உரியதாயிருந்தது.

கஷாயம் செய்வதே ஒரு பகற்பொழுதின் வேலை. அயவாஸ்காக் கொடியின் தண்டை நசுக்கி, சக்ருனா என்ற செடியின் இலைகளோடு மாற்றி மாற்றிப் பானையில் அடுக்கி, நீர் வார்த்து, வெகுநேரம் காய்ச்சி வற்றவைப்பார்கள். இலையிலுள்ள டி.எம்.டி. என்னும் சத்து தனியே உட்கொள்ளப்பட்டால், குடலிலும் ஈரலிலும் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்து வீணாக்கிவிடும். கொடியிலுள்ள ஹார்மின் முதலியவை அந்த நொதியைத் தடுத்து, இலையின் சத்தை இரத்தத்தில் சேரவிடுகின்றன. எண்ணற்ற தாவரங்கள் அடர்ந்த அவ்வனத்தில் இவ்விரண்டையும் பொருத்திக் கண்டவர்களின் கூர்மையை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்த நொதி இவ்வாறு தடுக்கப்படுவதனால்தான், மனச்சோர்வுக்கென இன்று கொடுக்கப்படும் சில மருந்துகளை உண்பவர்களுக்கு இக்கஷாயம் பிராணாபத்தாக முடியக்கூடும்.

இருட்டியபின், கூரை வேய்ந்த பெரிய கூடத்தில் எல்லாரும் அமர்வார்கள். வைத்தியர் மபாச்சோ என்னும் காரமான புகையிலையின் புகையைக் கஷாயத்தின்மீது ஊதி, கிண்ணத்தில் வார்த்து அருந்துவார். விளக்கு அணைக்கப்படும். ஏறக்குறைய அரைமணி, ஒருமணி கழிந்து மருந்து ஏறத் தொடங்கும்போது வாந்தி உண்டாகும். அதை உபத்திரவமென்று கருதாமல் தேகசுத்தியென்றே அவர்கள் மதிப்பதால், கஷாயத்திற்குப் பேதிமருந்து என்ற பொருளுள்ள பெயரும் வழங்குகிறது. பிறகு இகாரோ என்னும் பாட்டு எழும். நோயாளிக்கு எதிரே உட்கார்ந்து, அவனுக்கென்றே பாடி, இடையிடையே அவன் தலையிலும் கைகளிலும் புகை ஊதிச் சிகிச்சை செய்வார்கள். ஆண்களைப் போலவே பெண்களும் இவ்வித்தையில் பெயர்பெற்றிருக்கிறார்கள்.

இப்பாட்டு ஏட்டில் கற்பதன்று. உப்பு, சர்க்கரை, மிளகாய், பன்றியிறைச்சி, மது, ஸ்திரீபுருஷ சம்பந்தம் யாவற்றையும் விலக்கி, காட்டுக் குடிசையில் ஏகாந்தமாக இருந்து, ஏதேனும் ஒரு மரத்தின் அல்லது செடியின் சாற்றைக் குடித்து மாதக்கணக்கில் பத்தியம் காக்கிறவனுக்கு, அந்தத் தாவரமே தன் பாட்டைக் கற்பிக்கிறது என்பது அவர்களது திடமான நம்பிக்கை. ஒரு வைத்தியரின் தகுதியை அவர் காத்த பத்தியங்களைக் கொண்டே அளந்தார்கள்.

இவ்வழக்கத்தின் ஆதியைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் ஜெசுவிட் பாதிரிமார் இதைக் குறிப்பிட்டுக் கண்டித்திருக்கிறார்கள். 1852இல் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்ற ஆங்கிலத் தாவரநூல் நிபுணர் பிரேசிலின் வௌபெஸ் நதிக்கரையில் இக்கொடியை இனங்கண்டு பெயரிட்டார். அவர் சேகரித்தனுப்பிய தண்டுகளில் நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தும் ஹார்மின் எஞ்சியிருந்தது. கிரியை இன்றுள்ள வடிவத்தில் பரவியது மிஷன் கிராமங்கள் வழியாகவும் ரப்பர் வியாபாரத்தின் வழியாகவுமே என்று பீட்டர் கோ என்ற மானிடவியலறிஞர் வாதித்தார். பல குலத்தவர் கலந்து வாழ நேர்ந்த இடங்களில்தான் ஒருவர் மருந்தை மற்றொருவர் கற்கும் அவசியமும் எழுந்திருக்குமாதலால், இவ்வாதம் எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

அந்த ரப்பரின் கதையில் நம்மவர்க்கும் ஒரு பங்குண்டு. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற விதைகளின் சந்ததி இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களாகப் பெருகி, தமிழ்க் கூலிகளின் உழைப்பால் உலகச் சந்தையை நிரப்பியபோது, அமேசானின் ரப்பர் வாழ்வு சரிந்தது. ரப்பரை நாடி பிரேசிலின் ஆக்ரே பிரதேசத்திற்கு வந்திருந்தவர்களுள் ஒருவரான ரைமுந்தோ இரினேயு செர்ரா, அங்கே இக்கஷாயத்தை அறிந்து, 1930 வாக்கில் கிறிஸ்தவ வழிபாட்டோடு இணைத்து, சாந்தோ தைமே என்னும் சமயத்தைத் தொடங்கினார். அங்கே வைத்தியரின் தனிப்பாட்டு சபையோரின் கூட்டுப்பாட்டாயிற்று. கிண்ணமும் அனைவருக்கும் பொதுவாயிற்று.

பெரு தேசத்தின் இகித்தோஸ், புகல்பா நகரங்களைச் சுற்றியுள்ள விடுதிகளிலும், வரும் அந்நியர்கள் அனைவருக்கும் இப்போது கஷாயம் வார்க்கப்படுகிறது. பத்தியம் சில நாட்களாகக் குறுகிவிட்டதும், பாட்டின் பொருளறியாமலே காட்சிகளை எண்ணிக் காத்திருப்பவர்கள் பெருகிவிட்டதும் எனக்கு வருத்தமளிக்கின்றன. 2008இல் பெரு அரசு அயவாஸ்காவைப் பற்றிய பூர்வகுடிகளின் ஞானத்தையும் அதன் பாரம்பரிய உபயோகத்தையும் தேசத்தின் பண்பாட்டுச் செல்வமென்று பிரகடனம் செய்தபோது, வியாபார நோக்கமுள்ள மேனாட்டு உபயோகங்கள் அதிலிருந்து வேறானவை என்று அப்பிரகடனத்திலேயே வெளிப்படையாக எழுதிவைத்தது.