மீளும் வடிவ வரிசைகளும் பாலர் கணிதமும்

ஆரம்ப வகுப்புக் கணித நூல்களில், வட்டமும் சதுரமும் மாறி மாறி நிற்கும் வரிசையொன்றை அச்சிட்டு, ஈற்றில் வெற்றிடம் விட்டு, அடுத்து வருவது யாது என வினவும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. இதற்குச் சரியான விடை எழுதிய குழந்தை வரிசையின் அமைப்பை அறிந்துகொண்டது என்று கருதுவது பிழை என்பதும், இப்பயிற்சியின் பிரயோஜனம் முழுவதும் மீளும் அலகைக் கண்டுகொள்வதிலேயே அடங்கியிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வட்டத்துக்குப் பின் சதுரம், சதுரத்துக்குப் பின் வட்டம் என்னும் இரண்டு விதிகளைப் பற்றிக்கொண்ட குழந்தை, கடைசி உருவத்தை மாத்திரம் நோக்கி, வரிசையின் மற்றப் பகுதியை ஏறெடுத்தும் பாராமலே, விடை கூறிவிடலாம். வட்டம், சதுரம், சதுரம் என்னும் அலகைப் பலமுறை அடுக்கினாலோ அவ்வுபாயம் நில்லாது. ஏனெனில் சதுரத்தை அடுத்து ஒருகால் சதுரமும் ஒருகால் வட்டமும் வருவதால், தான் நிற்பது அலகின் எவ்விடத்தில் என்பதை அறிந்தாலன்றிக் குழந்தை மேற்செல்ல இயலாது. ஆஸ்திரேலியாவில் ஜோன் மல்லிகனும் மைக்கேல் மிச்சல்மோரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய அமைப்புணர்ச்சிக்கும் இளஞ்சிறாரின் பொதுக் கணித அறிவுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு என்று காட்டிற்று.

ஆகவே, அடுத்த உருவத்தைக் கேட்பதினும் 50-ஆவது உருவத்தைக் கேட்பதே தக்கது. மேற்சொன்ன வரிசையில் அலகின் நீளம் 3. ஐம்பதில் அது 16 முறை அடங்கி 2 மிஞ்சுவதால், 50-ஆம் இடத்தில் நிற்பது அலகின் இரண்டாம் உருவமாகிய சதுரம். முதல் ஐம்பது உருவங்களுள் வட்டங்கள் 17, சதுரங்கள் 33 என்பதும் இதனின்றே பெறப்படும். திங்கட்கிழமைக்கு 100 நாள் கழித்து வருவது புதன் என்று கணிப்பதும் இந்நெறியே. 1801-இல் காஸ் தம் எண்ணியல் நூலில் மீதி ஒத்த எண்களை ஒரே இனமாகக் கொண்டு நிறுவிய சாஸ்திரத்துக்கும் இங்கே வித்து இருக்கிறது. வகுத்தல் அறியாத பாலருக்கு இது எட்டாதென்பர் சிலர். ஒவ்வோர் அலகின் முடிவிலும் ஒரு கோடு கிழிக்கச் சொன்னால், மூன்று மூன்றாகக் கூறிடும் அச்செயலிலேயே வகுத்தல் பிறந்துவிடுகிறது.

எனினும், கண்ட சில உருவங்களிலிருந்து காணாதவற்றை அனுமானிப்பது தானே நிரூபணம் ஆகாது. வட்டத்தின் மேல் 1, 2, 3, 4, 5 புள்ளிகளிட்டு அவற்றை நாண்களால் இணைத்தால், உட்பகுதி 1, 2, 4, 8, 16 கூறுகளாகிறது. அடுத்து 32 என்று எவரும் சொல்வர், ஆனால் 6 புள்ளிகள் எவ்வாறு அமைந்தாலும் 31 கூறுகளுக்கு மேற்படா. ஆதலின், பாடநூல் அலகை மும்முறையேனும் முழுமையாகக் காட்டி, இதுவே மாறாது மீளும் என்று வெளிப்படையாகச் சொல்லக் கடமைப்பட்டது. சொல்லாமல் விட்டு ஒரே விடையைச் சரியெனக் கொள்வது, வேறு விதி கண்ட குழந்தைக்கு இழைக்கும் அநீதி.

அலகை உணர்ந்த சிறுவனுக்கு உருவத்தோடு நிறத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். வட்டம், சதுரம், முக்கோணம் என மூன்று உருவங்கள் மீள, சிவப்பும் நீலமும் மாறி வந்தால், கூட்டு அலகின் நீளம் 6. 50-ஆம் இடத்தில் நிற்பது நீலச் சதுரம். உருவங்களை நான்காக்கினால், 8 என்று எதிர்பார்த்த சிறுவன் 4 மட்டுமே காண்பான். ஏன் என்று அவன் ஆராயப் புகுமிடத்தில், மீச்சிறு பொது மடங்கு என்னும் பெயரைக் கேளாமலே அக்கருத்தை அடைந்துவிடுகிறான்.