காலி நிலம் என்றொரு புனைவு: காலாங் முதல் பரந்தூர் வரை

ஆவடி என்ற பெயருக்கு இங்கிலீஷில் ஒரு விளக்கம் உலவுகிறது. 'ஆர்மர்டு வெஹிகிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதன் முதலெழுத்துகள் சேர்ந்துதான் ஆவடி ஆச்சாம். அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். நன்றாகப் படித்தவர்களும் சொல்கிறார்கள். கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே வந்தது 1961இல். முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது 1965இல். 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று காங்கிரஸ் தீர்மானம் போட்ட ஆவடி மாநாடோ 1955 ஜனவரியில் நடந்துவிட்டது. அதற்கும் வெகுகாலம் முன்பே ஆவடி என்ற பெயரில் ரயில் நிலையம் இருந்தது. ஆக விளக்கம் பொய். ஆனால் பொய் என்று நிரூபிப்பதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை. இது ஏன் இவ்வளவு லேசாக நம்பப்படுகிறது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. அரசோ ராணுவமோ வந்து இறங்குவதற்கு முன் அந்த இடத்தில் எதுவும் இல்லை, ஒரு பெயர்கூட இல்லை என்கிற நினைப்பு நமக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது.

இந்த நினைப்பு மிகத் துல்லியமாகச் செயல்படும் இடம் என்று பழைய விமானதளங்களைச் சொல்லலாம். பல பத்தாண்டுகள் வேலிக்குள் கிடந்த சமதளம். கட்டடம் கிடையாது, குடியிருப்பு கிடையாது. விமானங்கள் வேறிடம் போனதும் திட்டமிடுகிறவர்கள் வரைபடத்தை விரித்து, 'நகரின் நடுவே காலி நிலம்' என்கிறார்கள். அது எப்படிக் காலியாச்சு என்பது அந்த வரைபடத்தில் இருக்காது. இதைப் பேச, தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள சிங்கப்பூரின் காலாங்கை எடுத்துக்கொள்கிறேன்.

காலாங் என்பதே ஒரு ஜனத்தின் பெயர். ஆற்று முகத்தில் படகுகளிலேயே வாழ்ந்த ஒராங் காலாங் என்னும் கடலோடி மக்கள். 1819இல் ஆங்கிலேயர் வந்தபோது அங்கே இருந்தவர்கள் இவர்கள். அதன்பிறகு ஜொகூரின் புலாய் ஆற்றுப்பக்கம் கொண்டுபோய் விடப்பட்டார்கள். 1847இல் பெரியம்மை வந்து பெரும்பாலோர் அழிந்தார்கள். பெயர் மட்டும் ஆற்றோடு தங்கிவிட்டது. இன்றைக்கு அரங்கங்களும் ரயில் நிலையமும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கின்றன, அது யாருடைய பெயர் என்ற கேள்வியே எழாதபடிக்கு.

பிறகு 1930களில் அந்தச் சதுப்பு மேடாக்கப்பட்டது. வட்ட வடிவத் தரை, பக்கத்திலேயே கடல்விமானங்கள் இறங்க நீர்வழி. 1937 ஜூன் 12 அன்று ஆளுநர் ஷெண்டன் தாமஸ் திறந்துவைத்தார். நவீனத்துவக் கட்டடக்கலையின் மாதிரி என்று அந்த முனையக் கட்டடத்தை இப்போதும் புகழ்கிறார்கள்; அழகான கட்டடம்தான், மறுக்கவில்லை. ஆனால் சதுப்பு என்று அதிகாரம் சொன்ன இடத்தில் மலாய்க் கம்பங்கள் இருந்தன. நம்மூர் வருவாய்த் துறையின் 'புறம்போக்கு' மாதிரிதான் இந்தச் சொல்லும். மண்ணை விவரிப்பது போலத் தோன்றும். செய்வதோ மனிதர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிற வேலை. பெயர்க்கப்பட்டவர்களுக்காக முகம்மது யூனுஸ் அப்துல்லாவும் சிங்கப்பூர் மலாய்ச் சங்கமும் அரசிடம் வாதாடி வாங்கிய இடம்தான் கம்போங் மலாயு. அரை நூற்றாண்டு கழித்து, 1980களின் தொடக்கத்தில், விரைவுச்சாலைக்கும் அடுக்குமாடிகளுக்குமாக அந்தக் கம்பமும் போனது. விமானதளத்துக்காக எழுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னொரு முறை எழுப்பப்பட்டார்கள். இரண்டாவது முறை 1966இன் நிலமெடுப்புச் சட்டம் கையிலிருந்தது. பொதுக்காரியத்துக்கு நிலம் தேவை என்று அரசிதழில் அறிவித்துவிட்டால் அந்த அறிவிப்பே முடிவான சாட்சியம்; பொதுக்காரியம்தானா என்று நீதிமன்றத்தில் போய் வாதாட முடியாது.

காலாங் தளம் பதினெட்டே ஆண்டுகள்தான் ஓடியது. 1954 மார்ச்சில் தரையிறங்கிய கான்ஸ்டலேஷன் விமானம் தீப்பிடித்து 33 பேர் இறந்தார்கள். 1955 ஆகஸ்டில் பாய லேபார் திறந்ததும் காலாங் மூடப்பட்டது. ஓடுபாதையின் தடம் 'பழைய விமான நிலையச் சாலை' ஆயிற்று. காலனிய அரசின் குடியிருப்பு அமைப்பு அருகில் மாடிவீடுகள் கட்டியது. 1958இல் எழுந்த டகோட்டா கிரசண்ட் அதிலொரு பகுதி. டகோட்டா, விமானத்தின் பெயர். ஆவடிக் கதையை இங்கே கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

குடியிருப்பு கட்டியதைக் குறை சொல்லவில்லை. ஏழைகளுக்கு ஒழுகாத கூரை கிடைத்தது, பெரிய விஷயம். சொல்ல வருவது வேறு. ஒருமுறை 'காலி' என்று முத்திரை குத்தப்பட்ட நிலம் திரும்பத் திரும்பக் காலியாகிறது. டகோட்டா கிரசண்டில் மிச்சமிருந்தவர்கள் பெரும்பாலும் வாடகைக்கிருந்த முதியவர்கள், வருமானம் குறைந்தவர்கள். 2014இல் அவர்களுக்கு அறிவிப்பு வந்தது. 2016 முடிவதற்குள் காலி செய்யச் சொன்னார்கள். கட்டடங்களைக் காப்பாற்ற இயக்கம் நடந்தது. 17 கட்டடங்களில் ஆறு நிறுத்திவைக்கப்படும் என்று 2017 டிசம்பரில் முடிவாயிற்று. கிழவர்களும் கிழவிகளும் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். சுவருக்குப் பாரம்பரிய மதிப்பு கிடைத்தது. எதிர்வீட்டுக்காரரோடு நாற்பது வருஷம் பேசிய பேச்சுக்கு எந்தச் சட்டத்திலும் விலை இல்லை.

அடுத்தது பாய லேபார். 1981இல் பயணிகள் விமானங்கள் சாங்கிக்குப் போனபின் அது ராணுவத் தளம். தளத்தையே அகற்றினால் 800 ஹெக்டேர் கிடைக்கும், சுற்று வட்டாரத்துக் கட்டட உயரத் தடையும் நீங்கும் என்று பிரதமர் லீ சியன் லூங் 2013இல் அறிவித்தார். 2030களில் தொடங்கி ஒன்றரை லட்சம் வீடுகள் வரலாமாம். 3.8 கிலோமீட்டர் ஓடுபாதையைப் பசுமை வெளியாக வைத்துக்கொள்ளலாம் என்று கட்டடக் கலைஞர்கள் யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஓடுபாதைக்கு நினைவுச்சின்னத் தகுதி கிடைக்கிறது. ஓடுபாதைக்கு அடியில் போன கம்பங்களுக்குக் கிடைக்கவில்லை. இதற்குள் இன்னொன்று. பாய லேபார் விமானங்கள் போகவேண்டிய இடங்களில் ஒன்று தெங்கா தளம். அதை விரிவாக்க, சுவா சூ காங் கல்லறையில் சீனர், முஸ்லிம் புதைகுழிகள் 80,000க்கு மேல் தோண்டியெடுக்கப்படும் என்று 2017இல் அறிவித்தார்கள். ஒரு பேட்டையில் உயிரோடிருப்பவர்களுக்கு வீடு வர, இன்னொரு பேட்டையில் செத்தவர்கள் எழுந்து இடம்விட வேண்டியிருக்கிறது.

சரி, இந்தப் புதுப்பேட்டைகளை யார் கட்டுகிறார்கள்? புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துப் பையன்களும் வங்கதேசத்துப் பையன்களும். வேலை அனுமதியில் இருக்கும் இந்தக் கட்டுமானத் தொழிலாளி தான் கட்டிய வீவக வீட்டில் ஓர் அறையைக்கூட வாடகைக்கு எடுக்க முடியாது. 2020 கொரோனாவில் தொழிலாளர் விடுதிகளில் அடைந்துகிடந்தவர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்திருந்ததென அந்த அரசின் கணக்கே சொன்னது.

பெர்லினில் வேறு மாதிரி நடந்தது. டெம்பல்ஹோஃப் விமான நிலையம் 2008இல் மூடப்பட்டது. ஓரங்களில் வீடு கட்டும் திட்டத்தை 2014 மே மாத வாக்கெடுப்பில் மக்கள் தோற்கடித்தார்கள். அது திறந்த வெளியாகவே நின்றது. அங்கே கேட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

நம் பக்கம் வருவோம். பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு மெட்ரோவை நீட்டிக்கத் திட்ட அறிக்கை தயாரானது. 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத்துக்காகத்தான் அந்த ரயில். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். வயல், ஏரி, குடியிருப்பு எல்லாம் அடக்கம். நிலமெடுக்கக் கையிலெடுத்தது 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம், தொழிற்தேவைக்கென்று போடப்பட்டது. ஏகனாபுரத்துக்காரர்கள் 2022 ஜூலையில் கூடத் தொடங்கினார்கள். 2025 ஏப்ரலில் ஆயிரம் நாள் கடந்தது. மீனம்பாக்கம் மூடப்படாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே 'பழைய விமானதளத்தில் புதுப்பேட்டை' என்கிற அத்தியாயம் நமக்கு இன்னும் வரவில்லை. நாம் காலாங்கின் 1930களில் நிற்கிறோம்.

சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவை அரசு தொடங்கியது 1979இல். அப்போது கம்பங்களில் பெரும்பகுதி போயாச்சு. மிச்சமிருந்தவர்களின் ஞாபகத்திலிருந்துதான் பதிய வேண்டியிருந்தது. ஏகனாபுரம், நெல்வாய், நாகப்பட்டு போய்வருகிற தோழர்கள் போராட்டச் செய்தி எழுதுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். எந்த மதகுக்கு என்ன பேர், எந்தக் களத்துமேடு யாருடையது, சேரிக்கும் ஊருக்கும் நடுவே வாய்க்கால் எப்படிப் போகிறது, பட்டா இல்லாமல் உழுதவர்கள் யார் யார் என்பதை இப்பவே, ஆட்களும் நிலமும் அங்கேயே இருக்கும்போதே, உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். பட்டா இல்லாதவர்களை முதலில் எழுதணும். இழப்பீட்டுப் பட்டியலில் முதலில் விடுபடுபவர்கள் அவர்கள்தான்.