கயலிட்சா: மாத்திரைக்கு முன் போட்ட கணக்கு

2001இல் அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யூ.எஸ்.எய்டின் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்கர்களுக்கு எச்.ஐ.வி. மருந்து கொடுக்க முடியாததற்கு ஒரு காரணம் சொன்னார். அவர்களில் பலர் கடிகாரத்தையே பார்த்ததில்லையாம், நேரத்துக்கு மாத்திரை போட மாட்டார்களாம். தோழர்களே, இந்தக் குரல் நமக்குப் புதிதில்லை. "உங்க ஆளுங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது" என்பதைக் கேட்டே வளர்ந்தோம்.

அடுத்த ஆண்டு இதற்குப் பொருளாதார மொழியும் துணைக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் சிகிச்சையைவிடத் தடுப்புப் பணி குறைந்தது 28 மடங்கு செலவுக்கேற்ற பலன் தரும் என்று லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. நோயாளிகள் காத்திருக்கட்டும் என்பதே அதன் நடைமுறைப் பொருள்.

ஆனால் மருந்தின் விலை மாறாதது அல்லவே. ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வரை விற்ற கூட்டு மருந்தை, 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா 350 டாலருக்குத் தர முன்வந்தது. தென்னாப்பிரிக்க மருந்துச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்ட 39 நிறுவனங்கள் அந்த ஏப்ரலில் பின்வாங்கின. வழக்குக்கு எதிராகத் தெருவில் நின்றது, 1998இல் தொடங்கிய சிகிச்சைக்கான செயல் இயக்கம். அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜாக்கி அக்மத் நிறவெறி எதிர்ப்புப் போராட்டத்தில் வளர்ந்தவர், எச்.ஐ.வி.யோடு வாழ்பவர். எல்லோருக்கும் மருந்து கிடைக்கும்வரை தானும் சாப்பிட மாட்டேன் என்று மறுத்தவர்.

கயலிட்சா, கேப்டவுன் அருகே நிறவெறி அரசு கறுப்பினத்தவரை ஒதுக்கி உருவாக்கிய குடியிருப்பு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2001 மே மாதம் அங்கே சிகிச்சையைத் தொடங்கியது. மக்கள் நேரத்துக்கு மாத்திரை சாப்பிட்டார்கள், பிழைத்தார்கள். சில ஆண்டுகளில் வேறொரு சிக்கல் வந்தது: கூட்டம். நலமாக இருப்பவரும் மருந்து வாங்க நாள் முழுக்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. சிலர் வருவதையே விட்டார்கள்.

2007இல் அங்கே மருந்துக் குழுக்கள் வந்தன. உடல்நிலை சீரானவர்கள் 30 பேர் வரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். மருத்துவரல்லாத உள்ளூர் ஊழியர் எடை பார்ப்பார், நலம் விசாரிப்பார், முன்பே கட்டிவைத்த மருந்துப் பொட்டலத்தைக் கொடுப்பார். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடியும். 40 மாதங்களுக்குப் பிறகு பார்த்தால், குழுவில் இருந்தவர்களில் 97 சதவீதம் பேர் சிகிச்சையில் நீடித்தார்கள். குழுவில் சேரத் தகுதியிருந்தும் வழக்கமான முறையிலேயே இருந்தவர்களில் 85 சதவீதம். (குழுவுக்கு வந்தவர்கள் முதலிலேயே அதிக ஆர்வமுள்ளவர்களாக இருந்திருக்கலாம், அதையும் மறக்கக் கூடாது.) செவிலியரின் நேரம் மிச்சமானதால் ஆள்வீதச் செலவும் குறைந்தது.

இங்கேதான் எங்களுக்கு ஒரு நெருடல். அந்த மலிவு எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி, வீணாகிய வேலையைக் குறைத்ததிலிருந்து, அது நல்லது. இன்னொரு பகுதி, செவிலியரின் வேலையைக் குறைந்த சம்பளத்தில் செய்த உள்ளூர் ஊழியர்களிடமிருந்து. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் ஆஷா அக்காக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுபுறம், மருத்துவமனைத் தரப்பிலிருந்து மட்டும் கணக்குப் போட்டால் குழுக்களின் பெரிய லாபமே கண்ணில் படாது. வரிசையில் நிற்காததால் நோயாளிக்கு மிச்சமான ஒரு நாள் கூலி அதில் வராது. சமூகவியலோ பொதுச் சுகாதாரமோ படிக்கும் தம்பி தங்கைகள், இத்தகைய அட்டவணை கையில் கிடைத்தால் இந்த இரண்டு பத்திகளும் அதில் இருக்கின்றனவா என்று முதலில் தேடிப் பாருங்கள்.