டெலிவரி எங்கே முடிகிறது? ஓசூர் மின்ஸ்கூட்டர்களும் நிரல் அளவீடும்

கிட்ஹப் அல்லது கிட்லேபில் இருக்கும் ரிப்போவை டெலிவரி அளவீட்டுக் கருவியுடன் இணைப்பது பெரிய வேலையல்ல. படிக்க மட்டும் அனுமதி தரும் டோக்கன் ஒன்று, நிகழ்வுகளைத் தள்ளிவிடும் வெப்ஹுக் ஒன்று போதும். புல் ரிக்வெஸ்ட் திறந்தது, ரிவ்யூ முடிந்தது, மெர்ஜ் ஆனது எல்லாம் உடனுக்குடன் கருவிக்குப் போய்விடும். மறுநாள் டாஷ்போர்டில் கோடுகள் ஏறி இறங்கும். ஆனால் ‘டெலிவரி’ எங்கே முடிகிறது என்பதை இணைக்கும்போதே யாரோ தீர்மானித்துவிடுகிறார்கள். ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அந்தத் தீர்மானம் பெரும்பாலும் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எண்ணிக்கை இந்த ஊருக்குப் புதிதல்ல. ஷிஃப்டுக்கு இத்தனை என்று கணக்குப் பார்த்தே வளர்ந்தது சிப்காட் தொழிற்பேட்டை. லைனை விட்டு வண்டி இறங்கினால் ஒன்று. அதில் யாருக்கும் தகராறு இருந்ததில்லை. வண்டிக்குள் மென்பொருள் புகுந்த பிறகுதான் அந்த ‘ஒன்று’ குழம்பியது. போச்சம்பள்ளி ஆலையில் தயாராகும் ஓலா எஸ்1, 2021 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானது. வாங்கியவர் கைக்கு டிசம்பரில்தான் வந்தது. குரூஸ் கண்ட்ரோலும் நேவிகேஷனும் 2022இல் மூவ்ஓஎஸ் 2 என்ற மென்பொருள் அப்டேட் வழியாகத்தான் வந்தன. வண்டி டெலிவரி ஆகிவிட்டது, நிரல் ஆகவில்லை. எந்தத் தேதியைக் குறிப்பது?

டெலிவரி அளவீட்டுக் கருவிகள் பலவற்றுக்கும் அடிப்படை, 2018இல் வெளியான ‘ஆக்சிலரேட்’ நூல் பரப்பிய நான்கு அளவுகள். அவற்றுள் ஒன்று, மாற்றம் கமிட் ஆனதிலிருந்து பயன்பாட்டில் ஓடும்வரை ஆகும் காலம். டெப்ளாய் தகவல் கிடைக்காதபோது, மெர்ஜையே டெப்ளாயாகக் கொள்ளும் வசதியைப் பல கருவிகள் தருகின்றன. இணையச் சேவைக்கு இதனால் பெரிய பிழை வராது. இடைவெளி சில நிமிடங்களாகவும் இருக்கலாம். ஸ்கூட்டர் ஃபர்ம்வேர் அப்படியல்ல. பில்ட், டெஸ்ட் பெஞ்ச், சாலைச் சோதனை, பிறகு தொகுதி தொகுதியாக ஓடிஏ, அதாவது கம்பியில்லா அப்டேட். அடித்தள பார்க்கிங்கில் சிக்னலில்லாமல் நிற்கும் வண்டிக்கு இன்னும் தாமதமாகும்.

தொடக்கப் புள்ளியும் நிச்சயமில்லை. கிட் ஒவ்வொரு கமிட்டிலும் எழுதிய நேரம், பதிந்த நேரம் என இரண்டைச் சேமிக்கிறது. திங்களன்று எழுதிய கமிட்டை அடுத்த திங்களன்று ரீபேஸ் செய்தால் முதலாவது அப்படியே இருக்கும், இரண்டாவது புதிதாகும். கருவி எதை எடுக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே வேலை ஒரு வாரமாகவும் தெரியும், சில மணி நேரமாகவும் தெரியும். போதாக்குறைக்கு, போய்ச் சேராத வெப்ஹுக்கை கிட்ஹப் தானாக மறுபடி அனுப்பாது. வாங்கும் சர்வர் ஒரு மணி நேரம் படுத்தால், குழு அந்த நேரம் சும்மா இருந்ததாகவே வரைபடம் காட்டும்.

நிரல் டெஸ்ட் பெஞ்சில் காத்திருப்பதற்கு நிரலாளர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்கலாம். ஆகமாட்டார். தனிநபரை எடைபோட இந்த அளவைப் பயன்படுத்தினால், இலக்காக மாறிய அளவு கெட்டுவிடும் என்ற குட்ஹார்ட் விதிதான் பலிக்கும். ஆனால் காத்திருப்பை மறைப்பதால் இன்னொரு அநியாயம் நடக்கிறது. மின்ஸ்கூட்டர் நிறுவனமான ஏத்தரின் வடிவமைப்பு பெங்களூரில், உற்பத்தி ஓசூரில். (டிவிஎஸ் ஆராய்ச்சிப் பிரிவோ ஓசூரிலேயே இருக்கிறது; எல்லைக்கோடு எல்லோருக்கும் ஒன்றல்ல.) இரண்டும் பிரிந்திருக்கும் அமைப்பில், மாநில எல்லையான அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் வண்டியில் நிரலை ஏற்றிப் பார்த்துப் பிழை சொல்பவர் கமிட் போடுவதில்லை. மெர்ஜோடு நிற்கும் டாஷ்போர்டில் அவருக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

ஆகவே ரிப்போவோடு மேலும் இரண்டு ஊற்றுகளையும் இணைக்க வேண்டும்: பெஞ்ச் முடிவுகள், வண்டி அனுப்பும் பதிப்புத் தகவல். கமிட்டின் நாற்பது எழுத்து ஹாஷை பில்டிலேயே பொதிந்துவிட்டால் மூன்றையும் ஒரே நூலில் கோத்துவிடலாம். அப்டேட் ஏறியதும் வண்டி அதே ஹாஷைத் திருப்பிச் சொல்லும் நேரம்தான் கணக்கின் முடிவுப்புள்ளி.