மக்கள் தெரிவு செய்யும் மரணசாதன நீதிபதிகள்

ஒருவர் இறந்த பின்னர் அவரது வீடும் காணியும் வங்கி வைப்பும் யாரைச் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் நீதிபதியை, அப்பிரதேச மக்களே வாக்களித்துத் தெரிவு செய்ய முடியுமா? எமது நாட்டில் மரணசாதன வழக்குகளை மாவட்ட நீதிமன்றங்களே விசாரிக்கின்றன. அவற்றின் நீதிபதிகளை நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கின்றது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நிலவுவதோ இதற்கு நேர்மாறான முறையாகும்.

அங்கு 1698ஆம் ஆண்டு முதல் புரோபேட் நீதிமன்றங்கள் எனப்படும் மரணசாதன நீதிமன்றங்கள் இயங்கி வருகின்றன. மரணசாதனங்களை ஏற்றுக்கொள்வதும் இறந்தவரின் ஆதனத்தை நிர்வகிப்பதைக் கண்காணிப்பதும் மட்டுமே இவற்றின் பணியல்ல. சிறுவர்களுக்குப் பாதுகாவலரை நியமித்தல், தத்தெடுப்பு, பெயர் மாற்றம், உளநோயாளரைக் கட்டாய சிகிச்சைக்கு உட்படுத்தல், தமது அலுவல்களைத் தாமே கவனிக்க இயலாத முதியோருக்குப் பொறுப்பாளரை நியமித்தல் ஆகியனவும் இவற்றின் அதிகாரத்துக்குட்பட்டவையே.

மாநிலம் இன்று 54 புரோபேட் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பிரிவின் நீதிபதியும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நவம்பர் மாதத்தில், கட்சி அடிப்படையிலான தேர்தலில் தெரிவு செய்யப்படுகின்றார். எழுபது வயதுடன் அவரது பதவி முடிவடைகின்றது. மேல் நீதிமன்ற நீதிபதிகளை ஆளுநர் முன்மொழிய, மாநில சட்டசபை எட்டு ஆண்டுகளுக்கு நியமிக்கின்றது. அம்மாநிலத்தில் வாக்காளர் தெரிவு செய்யும் நீதிபதிகள் புரோபேட் நீதிபதிகள் மட்டுமே.

குடும்பத்தின் துயர வேளையில் நாடப்படும் நீதிமன்றம் மக்களுக்கு அண்மையில் இருக்க வேண்டும், அதன் நீதிபதி ஊரறிந்தவராக இருக்க வேண்டும் என்பதே இம்முறைக்குக் கூறப்படும் நியாயமாகும். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் பல பிரிவுகளில் ஒரே வேட்பாளரே களத்தில் நிற்கின்றார். அதனிலும் முக்கியமாக, இந்நீதிமன்றத்தின் தீர்ப்பால் அதிகம் பாதிக்கப்படக்கூடிய சிறுவர்களுக்கு வாக்குரிமையே இல்லை.

2005ஆம் ஆண்டில் கனெக்டிகட்டிலுள்ள மகளைப் பார்க்கச் சென்ற நியூயோர்க் முதியவர் ஒருவர் அங்கு நோயுற்று வைத்தியசாலையில் சேர்ந்தார். அவரது விருப்பத்துக்கு மாறாக புரோபேட் நீதிமன்றம் அவருக்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்தது. பின்னர் அவர் பராமரிப்பு நிலையமொன்றின் பூட்டிய பகுதியில் வைக்கப்பட்டார். அவர் அம்மாநிலத்தில் வசிப்பவரல்லர் என்பதால் அந்த நியமனமே செல்லாது என 2006இல் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்து அவரை விடுவித்தது. அந்தப் புரோபேட் நீதிபதியை அவர் வேறு மாநிலத்தவராதலால், தேர்தலில் தண்டிக்க அவருக்கு வழியிருக்கவில்லை. நீதிபதிக்கு எதிரான நட்டஈட்டுக் கோரிக்கையும், நீதிபதிகளுக்குரிய விலக்குரிமை காரணமாகத் தள்ளுபடியானது.

பின்னர் வந்த மாற்றங்களே உண்மையான பாதுகாப்பை அளித்தன. 2007இன் சட்டம், பொறுப்பாளரை நியமிக்கத் தெளிவான, நம்பத்தகுந்த சான்று வேண்டும் என்றும் அத்தகைய விசாரணைகள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் விதித்தது. 2011 ஜனவரியில் 117 நீதிமன்றங்கள் 54 ஆகக் குறைக்கப்பட்டன. புதிதாகத் தெரிவாகும் நீதிபதி சட்டத்தரணியாக இருத்தல் கட்டாயமாயிற்று. அதுவரை நீதிமன்றம் ஈட்டும் கட்டணத்தில் தங்கியிருந்த நீதிபதியின் வருமானமும் நிர்ணயிக்கப்பட்ட சம்பளமாக மாறியது.

நீதிபதி தெரிவு செய்யப்பட்டாலென்ன, நியமிக்கப்பட்டாலென்ன, அவரது தகைமையும் சம்பளமும் விசாரணையின் பதிவும் சட்டத்தால் உறுதி செய்யப்படாவிடின் பலவீனருக்கு நீதி கிட்டாது. நியமன முறையைப் பின்பற்றும் நாமும் இதனை மனங்கொள்ளல் வேண்டும். தேர்தல் ஒருவருக்குப் பதவியை வழங்கலாம். அவரைப் பொறுப்புக்கூற வைப்பது சட்டமே.